ஒரே குளத்தில் இத்தனை சிவப்புத் தட்டான்களா? கையேடு வாங்கியும் குழப்பம் தீரவில்லை

குடமுருட்டி
செப்டம்பர் 28, இரவு 8.15

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். வீட்டை விட்டு இறங்கினால் வாய்க்கால், அதைத் தாண்டினால் அல்லி மண்டிய ஒரு குளம். பறவை பார்க்கும் பழக்கம் ஏழெட்டு வருடங்களாக உண்டு. இந்தக் கோடையில் பார்க்கப் பறவை அதிகம் இல்லாத ஒரு காலையில் கண் தட்டான் மேல் போயிற்று. உடனே ஒரு தட்டான் கையேடு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து தெரிந்ததும் மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பறவைக் கையேட்டில் மீன்கொத்தியைத் தேடினால் மீன்கொத்தி கிடைக்கும். இதில் சிவப்பைத் தேடினால் பக்கம் பக்கமாகச் சிவப்பு. நான் எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.

முதல் படம், குளத்துக்குள் நட்டிருக்கும் மூங்கில் குச்சியின் நுனியில் எடுத்தது. நல்ல மிளகாய்ப் பழச் சிவப்பு. குரோகோதெமிஸ் செர்விலியா என்ற இனம் என்று நினைக்கிறேன். இரண்டாவது, பீட்ரூட் நறுக்கிய கையின் நிறம். மூன்றாவது படத்தில் இரண்டு இனங்கள் இருக்கின்றன: வரப்பில் பச்சையும் கறுப்பும் கலந்த ஒன்று, அதற்கு ஒரு முழம் தள்ளி நீலத்தில் ஒன்று. நான்காவது வைக்கோல் நிறம், சற்று மங்கலாக விழுந்துவிட்டது.

பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய மாணவன்
செப்டம்பர் 28, இரவு 9.02

கைபேசிச் செயலி ஒன்றில் படத்தை ஏற்றினால் மூன்று நொடியில் பெயர் வந்துவிடுகிறது. இதற்கு எதற்குப் புத்தகம்? உங்கள் முதல் படத்தை நானே ஏற்றிப் பார்த்தேன், செர்விலியா என்றுதான் சொல்கிறது.

நாலிறகு
செப்டம்பர் 28, இரவு 10.40

செயலி சொன்னது தவறாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். குடமுருட்டி, படம் பக்கவாட்டில் இருக்கிறது. முதுகுப்புறம் தெரியும்படி மேலிருந்து ஒரு படம் கிடைக்குமா? எனக்கு வேண்டியவை இரண்டுதான். பின்னிறக்கை உடம்போடு சேரும் இடம், வாலின் கடைசி மூன்று கண்டங்கள், அதாவது வளையம் வளையமான துண்டுகள். (வால் என்பது வயிறுதான். ஆனால் ‘தட்டான் வயிற்றைத் தூக்கியது’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. வால் என்றே வைத்துக்கொள்வோம்.)

மூன்றாவது படத்தில் இருப்பது இரண்டு இனங்கள் அல்ல, ஒன்றுதான். இரண்டுமே டிப்லகோடெஸ் டிரிவியாலிஸ். தரையிலேயே உட்காரும், நம் முன்னால் பத்தடி பறந்து மறுபடியும் தரையிலேயே உட்காரும். பச்சையும் கறுப்புமாக இருப்பது பெண்ணாகவோ இளம் ஆணாகவோ இருக்கும். ஆண் முதிரும்போது உடம்பின் மேல் மெழுகுப் பொடி படிந்து நீலமாகிவிடும். சாம்பல் பூசணியின் மேல் படிந்திருக்குமே, அதே போன்ற பொடிதான். பூசணியில் விரல் வைத்தால் அச்சு விழுவதைப் போல இதிலும் உரசினால் தேயும். வேறு சில நீலத் தட்டான்களில், இணைசேரும்போது பெண்ணின் கால் பட்டுத் தேய்ந்த தழும்பைக் கூடப் பார்க்கலாம். அந்த ஆணுக்கு ஏற்கெனவே ஜோடி கிடைத்துவிட்டது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தட்டானில் நிறத்தை நம்பிப் பக்கம் புரட்டுவதால்தான் எல்லாத் தவறும் வருகிறது. வயது, ஆண் பெண் வேறுபாடு, வெயில் எல்லாம் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும்.

குடமுருட்டி
செப்டம்பர் 29, பகல் 11.30

காலையில் போய் வந்தேன். முழங்கால் வரை சேறு. அதே மூங்கில் குச்சி, அதே தட்டான் (அதே ஆள்தான் என்று நம்புகிறேன்). மேலிருந்து எடுத்த படம் இதோ. வாலின் நுனிக்குச் சற்று முன்னால், முதுகில் மை தொட்டு வைத்தது போல இரண்டு கறுப்புத் திட்டுகள் இருக்கின்றன. நேற்றுப் பார்த்தபோது கண்ணில் படவே இல்லை.

நாலிறகு
செப்டம்பர் 29, பகல் 12.10

நன்றி. இது யூரோதெமிஸ் சிக்னாட்டா. திட்டுகள் எட்டாம், ஒன்பதாம் கண்டங்களில் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். மொத்தம் பத்துக் கண்டங்கள், நுனியிலிருந்து எண்ணுவது சுலபம். பின்னிறக்கையின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு இருப்பதும் தெரிகிறது. செர்விலியாவில் அது தேன் நிறத்தில் இருக்கும், முதுகின் நடுவில் வால் நெடுக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும், இப்படித் திட்டுகள் வராது.

இரண்டாவது படம் டிரிதெமிஸ் அரோரா, ஆண். பீட்ரூட் என்று நீங்கள் எழுதியதுமே தெரிந்துவிட்டது. இறக்கை நரம்புகளும் சிவப்பாக இருக்கின்றன, பாருங்கள். செர்விலியாவில் உடம்புதான் சிவப்பு, இறக்கையில் அடிப்பகுதியை விட்டால் நிறம் இல்லை.

பழைய மாணவன்
செப்டம்பர் 29, பகல் 12.45

செயலி தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையேட்டை வைத்துக்கொண்டு குடமுருட்டியும் செர்விலியா என்றுதானே சொன்னார்?

நாலிறகு
செப்டம்பர் 29, பகல் 1.05

சரியான கேள்வி. கையேட்டைப் படம் பார்க்கும் புத்தகமாகப் பயன்படுத்தினால் அதுவும் செயலி செய்யும் வேலையைத்தான் செய்யும், இன்னும் மெதுவாக. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். எங்கே உட்காரும், எப்படி உட்காரும், எந்த மாதிரித் தண்ணீர், எந்த இனத்தோடு குழப்பிக்கொள்வோம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கே. ஏ. சுப்ரமணியனின் தீபகற்ப இந்தியத் தட்டான் கையேட்டை 2005-இல் இந்திய அறிவியல் அகாடமி வெளியிட்டது. அச்சுப் பிரதி கைக்கு வருவதற்கு முன்னால் அதன் மின்னூலைத்தான் நான் வைத்திருந்தேன். முதல் ஆறு மாதம் படங்களை மட்டும் பார்த்தேன். அந்த ஆறு மாதக் குறிப்பேட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

செயலியும் வேண்டும். எங்கே எதைப் பார்த்தோம் என்ற பதிவு சேர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது தரும் பெயரை விடை என்று எடுத்துக்கொள்ளாமல், சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறவுங்கள்.

கண்மாய்க்காரன்
செப்டம்பர் 29, இரவு 7.50

சிவகங்கைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் கண்டுபிடிப்பதிலேயே நின்றுவிடாதீர்கள் குடமுருட்டி அக்கா, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். போன ஞாயிறு கண்மாய்க் கரையில் ஆர்த்தெட்ரம் சபீனா ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையில் கறுப்புக் கோடு, இடுப்பு மட்டும் ஒடுங்கி வால்நுனி கொஞ்சம் தடித்திருக்குமே, அதுதான். கருவேல முள்ளில் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு டிரிவியாலிஸ் பறந்ததுதான் தாமதம், போய்க் கவ்விக்கொண்டு அதே முள்ளுக்கு வந்துவிட்டது. தலையிலிருந்து ஆரம்பித்தது. நான் நாலடி தூரத்தில் இருந்தேன். பொரி மெல்வது போலச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இறக்கையாகக் கீழே விழுந்தது. நான்காவது இறக்கை விழும்வரை இரையின் கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

சின்ன வயதில் இதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறோம், கூழாங்கல் தூக்கவைத்திருக்கிறோம். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது கரையில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

வன்னிக்குளம்
செப்டம்பர் 30, காலை 6.20

வவுனியாவிலிருந்து வணக்கம். இழையை முதலிலிருந்து வாசித்தேன். எங்களுக்கு இது தும்பி. தட்டான் என்றால் இங்கே நகை செய்பவர். ‘கரையில் உட்கார்ந்து தட்டானைப் பார்த்தேன்’ என்று கண்மாய்க்காரன் அண்ணா எழுதினால் எங்கள் ஊரில் வேறு பொருள் வந்துவிடும்.

அரைநிழல்
செப்டம்பர் 30, காலை 9.15

தும்பிதானே பழைய சொல்? சங்கப் பாட்டிலேயே இருக்கிறதே. அதையே எல்லோரும் வைத்துக்கொள்ளலாமே.

கண்மாய்க்காரன்
செப்டம்பர் 30, காலை 9.40

சங்கப் பாட்டில் இருக்கிறது, ஆனால் அது வேறு பூச்சி. குறுந்தொகை இரண்டாம் பாட்டில் ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்று வருகிறது. கொங்கு என்றால் பூந்தாது, தேன். தேனைத் தேடி வாழ்கிற அது வண்டினம். நம் ஆள் பூவின் மேல் உட்கார்ந்தால் அது தேனுக்காக அல்ல, தேனுக்கு வரும் ஈயைப் பிடிக்க. அந்தச் சொல் எப்போது இந்தப் பூச்சிக்கு வந்து ஒட்டிக்கொண்டது என்று யாராவது தமிழாசிரியர் எழுதினால் நன்றாக இருக்கும். தட்டான் என்ற பெயருக்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. வாலால் தண்ணீரைத் தட்டித் தட்டி முட்டையிடுகிறதே, அதனால் இருக்கலாம். ஆதாரம் கேட்காதீர்கள்.

நாலிறகு
செப்டம்பர் 30, காலை 10.05

இரண்டு பெயரும் இருக்கட்டும். ஊசித்தட்டான் அல்லது ஊசித்தும்பி என்று சொல்லும், ஊசி போல மெலிந்த உடம்புள்ள பிரிவை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். கையேட்டில் பாதிப் புத்தகம் அதுதான். ஊசி இனம் உட்காரும்போது இறக்கைகளைப் பெரும்பாலும் முதுகின் மேல் சேர்த்து மடக்கும், இரண்டு கண்களும் தலையின் இரு ஓரத்தில் தனித்தனியாக இருக்கும். லெஸ்டெஸ் என்று ஒரு கூட்டம் மட்டும் ஊசியாக இருந்துகொண்டே இறக்கையைப் பாதி விரித்து உட்கார்ந்து புதியவர்களை ஏமாற்றும்.

அரைநிழல்
அக்டோபர் 2, மாலை 5.30

படம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு புலம்பல். நெருங்கினாலே பறந்துவிடுகின்றன. வலை வைத்துப் பிடித்து, குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து மந்தமாக்கி எடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

நாலிறகு
அக்டோபர் 2, மாலை 6.00

வேண்டாம். அப்படி எடுத்த படம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கால்கள் பிடிமானம் இல்லாமல் இருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

நெருங்குவதற்கு வழி இருக்கிறது. தட்டானுக்கு முப்பதாயிரத்தை ஒட்டிய சிறு கண்கள், ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். ஆகவே பின்னால் போய் ஏமாற்ற முடியாது. குனிந்து, நேராக, கை வீசாமல், நிழல் அதன் மேல் விழாமல் போங்கள். பறந்துவிட்டால் நீங்கள் நகராதீர்கள். கிளையில் உட்காரும் இனங்கள் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். இரண்டாவது முறை வரும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருப்பீர்கள், அவ்வளவுதான் தந்திரம். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பதைப் பார்க்கலாம். வெயில் உடம்பில் குறைவாகப் பட வேண்டும் என்பதற்காக அப்படி நிற்கிறது.

கையில் பிடித்தே ஆக வேண்டிய இனங்கள் உண்டு. வால்நுனிக் கொக்கிகளைப் பார்த்தால்தான் சிலவற்றைப் பிரிக்க முடியும். அப்போது நான்கு இறக்கைகளையும் முதுகின் மேல் சேர்த்து இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடியுங்கள். வாலையோ காலையோ பிடிக்கக் கூடாது. இறக்கை கண்ணாடித்தாள் போல மினுங்கினால் அது புதிதாக வெளிவந்தது. அதைத் தொடவே வேண்டாம், தொட்டால் இறக்கை கோணிவிடும்.

பழைய மாணவன்
அக்டோபர் 11, மாலை 6.10

இந்த இழையால் கெட்டுப்போனேன். அலுவலகத்துக்குப் பின்னால் சாக்கடை கலக்கும் ஒரு குட்டை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருபது முப்பது. இறக்கையிலும் ஆரஞ்சு, ஆனால் நுனி வரை போகவில்லை. கையேட்டின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்: பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. பக்கத்தில் நிறமில்லாத இறக்கையோடு வெளிறிய பழுப்பில் சில இருந்தன. பெண்ணா?

நாலிறகு
அக்டோபர் 11, இரவு 8.00

ஆமாம், இரண்டும் சரி. அழுக்குத் தண்ணீரைத் தாங்கும் இனம். ஒரு குளத்தில் வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும் பெருகிக் கிடந்தால் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படலாம்.

வன்னிக்குளம்
அக்டோபர் 19, மாலை 4.45

இன்று பாடசாலை மைதானத்துக்கு மேலே நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த உடம்பு. ஒன்றும் உட்காரவில்லை. மழை வரப்போகிறது என்று அம்மா கொடியில் இருந்த துணியை எடுத்துவிட்டார்.

நாலிறகு
அக்டோபர் 19, மாலை 5.20

பன்டாலா ஃபிளாவெசென்ஸ். உட்காராததே அடையாளம். உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். பின்னிறக்கை அடியில் மிகவும் அகலம், அதனால் காற்றில் மிதந்தபடியே நெடுநேரம் போக முடியும்.

அம்மா துணியை எடுத்ததில் தவறில்லை. இவை மழைக்காற்றோடு சேர்ந்துதான் வருகின்றன. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், அக்டோபர் தோறும் இவை அங்கே வந்து இறங்குவதைப் பல வருடங்கள் குறித்துவைத்து, 2009-இல் கட்டுரையாக எழுதினார். அந்தத் தீவுகளில் பெரும்பாலானவற்றில் நன்னீர்க் குளம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் கிடையாது. தென்னிந்தியாவிலிருந்து 500 முதல் 1000 கிலோமீட்டர் கடல் தாண்டி வருகின்றன, அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது அவர் முடிவு. போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். ஒரே பூச்சி முழுச் சுற்றையும் முடிப்பதில்லை, தலைமுறைகள் மாறி மாறிப் போகின்றன. போகிற வழியில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முட்டையிடும். குஞ்சு தண்ணீருக்குள்ளேயே ஆறேழு வாரத்தில் வளர்ந்து, தட்டானாகிப் பறந்துவிடும், பள்ளம் காய்வதற்குள்.

அரைநிழல்
அக்டோபர் 20, காலை 8.30

என் காரின் முன்மூடியை ஒன்று வாலால் தட்டித் தட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இதுதானா?

நாலிறகு
அக்டோபர் 20, காலை 8.50

இருக்கலாம். பளபளப்பான வண்ணப்பூச்சில் ஒளி தெறிப்பது அதற்குத் தண்ணீர் போலத் தெரிகிறது. பாவம், முட்டை வெந்துபோகும்.

குடமுருட்டி
நவம்பர் 9, காலை 7.05

நான்கு நாள் அடைமழை. குளம் பக்கம் போக முடியவில்லை, வாய்க்கால் கரை உடைந்து கிடக்கிறது. குறிப்பேட்டில் இதுவரை 23 இனங்கள். நான்காவது படத்தின் வைக்கோல் நிறத்தாள் மட்டும் இன்னும் பெயரில்லாமல் இருக்கிறாள்.

இன்று எழுத வந்தது வேறு விஷயம். கொல்லையில் துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டி இருக்கிறது. மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. பாத்திரம் எடுக்கப் போனவள் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, மண் நிறத்தில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தொட்டால் எடை இல்லை. வெறும் கூடு. முதுகு பிளந்திருந்தது, பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் நான்கைந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு கால்களும் சிமெண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தன, பிய்க்கப் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கூட்டுக்குச் சொந்தக்காரனைத் தேடினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் இல்லை. பிறகு தொட்டிக்கு மேலே, வெள்ளை அடித்துப் பல வருடமாகிப் பாசி படிந்த மதில் சுவரில் கை வைத்தேன், சுவரின் ஒரு துண்டு எழுந்து பறந்து மூன்றடி தள்ளி மறுபடியும் சுவராகிவிட்டது. சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக, இறக்கையைச் சுவரோடு அப்பி உட்கார்ந்திருந்தது. எங்கே என்று தெரிந்த பிறகும், கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் காணவில்லை. அந்தச் சுவரைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலிறகு
நவம்பர் 9, காலை 7.30

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டேன். இறக்கை நுனிக்கு அருகே விளிம்பில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அது என்ன நிறம்?

வெள்ளை நூல்கள் மூச்சுக்குழாயின் உள்தோல். குஞ்சுகள் தட்டானாகிக் கூட்டிலிருந்து வெளியே வரும்போது அதையும் உரித்துப் போட்டுவிட்டுத்தான் வருகின்றன.

குடமுருட்டி
நவம்பர் 9, காலை 8.20

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். நடுவில் கறுப்பு, இரண்டு முனையிலும் வெள்ளை. கையேட்டில் பொடி எழுத்தையும் படித்தேன்: பாறை, மதில், சிமெண்ட் தொட்டி. பிராடினோபைகா ஜெமினேட்டா. இருபத்துநான்காவது.

நாலிறகு
நவம்பர் 9, காலை 8.25

சரி. தொட்டியில் இன்னும் குஞ்சுகள் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

குடமுருட்டி
நவம்பர் 9, இரவு 7.40

ஏழு எண்ணினேன். ஒன்று முகத்துக்குக் கீழே மடக்கி வைத்திருந்த எதையோ நீட்டி ஒரு கொசுப்புழுவை இழுத்ததைப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு சிக்கல். மழை விட்டதும் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று மாமியார் பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்திருக்கிறார். என்ன சொல்லித் தள்ளிப் போடுவது என்று தெரியவில்லை.

கண்மாய்க்காரன்
நவம்பர் 9, இரவு 7.55

டெங்கு என்று சொல்லுங்கள் அக்கா. கொசுப்புழுவைத் தின்கிற ஏழு பேர் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.

குடமுருட்டி
நவம்பர் 10, காலை 6.50

சொன்னேன். டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.